ஈரல் குளிருமா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நேற்று மாலை மதுரையில் வந்து இறங்கியதும் விளக்குத்தூண் பக்கம் நடந்துபோய் ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். இந்த ஊருக்கு வந்தால் வழக்கமாகச் செய்கிற காரியந்தான். ஆனால் இன்றைய தலைப்பு மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், டம்ளரின் அடியில் கிடந்த பாதாம் பிசினைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'ஜிகர்' என்றால் பாரசீகத்தில் ஈரல். 'தண்டா' என்றால் இந்தியில் குளிர்ச்சி. ஈரலைக் குளிரவைப்பது என்று ஒரு பானத்துக்குப் பெயர். பெயர் வைத்தவர் வைத்தியம் நினைத்து வைத்திருக்க மாட்டார். உருதுவில் ஜிகர் என்றால் நெஞ்சும்தான், துணிச்சலும்தான். நாமும் 'ஈரக்குலை நடுங்கிப்போச்சு' என்று சொல்லும்போது மருத்துவமா பேசுகிறோம்? ஆனாலும் அந்தப் பிசின் இருக்கிறதே, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறிப் பல மடங்கு உப்பி வழுவழுவென்று கிடக்கிறதே, அது ஒரு தாவரக் கூட்டுச்சர்க்கரை. குடியால் கெடும் ஈரலைத் தாவரக் கூட்டுச்சர்க்கரை காக்குமா என்பதுதான் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வி. பதிலை டம்ளருக்குள் தேடாதீர்கள். அதில் சர்பத்தும் சீனியும் ஐஸ்கிரீமும் இருக்கின்றன. என் வயதுக்கு அதுவே அதிகம்.

பாலிசாக்கரைடு என்று பாடப்புத்தகம் சொல்வதை இன்று கூட்டுச்சர்க்கரை என்றே சொல்லப்போகிறேன். சின்னச் சின்னச் சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி அது. அரிசியின் மாவுப்பொருளும் இந்த இனந்தான். அதை உடைக்க நம் உமிழ்நீரிலேயே நொதி இருக்கிறது. மற்ற பலவற்றை உடைக்க நம்மிடம் நொதி கிடையாது. வெந்தயத்தை ஊறவைத்தால் வருகிற வழவழப்பு, கொத்தவரை விதையின் பசை, கொய்யாவிலும் எலுமிச்சைத் தோலிலும் உள்ள பெக்டின், ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான், புளியங்கொட்டையைச் சுட்டு இடித்துக் காய்ச்சும் பசை எல்லாம் இந்தக் கூட்டம். நுங்கும் அப்படித்தான், அதன் சதையில் இருப்பது வெந்தய வழவழப்பின் உறவுக்காரச் சர்க்கரை. கள்ளையும் நுங்கையும் ஒரே பனை தருகிறது என்பதை வைத்து யாராவது கவிதை எழுதினால் எழுதட்டும். நான் உயிர்வேதியியல்காரன், தாண்டிப்போகிறேன்.

ஆய்வகத்தில் இவற்றைப் பிரித்தெடுக்கும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. செடியை வெந்நீரில் கொதிக்கவிட்டு வடிகட்டுவோம். வடிநீரைச் சுண்டவைத்து, அதில் மூன்று நான்கு மடங்கு எதனாலை ஊற்றுவோம். கூட்டுச்சர்க்கரைக்குச் சாராயம் ஆகாது. ஊற்றிய மாத்திரத்தில் பஞ்சுமிட்டாய் நூல்போல வெள்ளையாகத் திரண்டு ஒதுங்கிவிடும். சாராயத்தைக் கண்டு ஒதுங்குகிற பொருளைத்தான் சாராயத்துக்கு மருந்தாகத் தேடுகிறோம். (அந்த எதனாலை வாங்க எங்கள் துறை ஆயத்தீர்வை அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தது என்பது தனிச் சொற்பொழிவு. வெளியே தெருமுனையில் அது தடையில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.)

இனி ஈரலுக்கு வருவோம். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில், 42.8 விழுக்காடு என்ற கணக்கில், சுமார் 60 கிராம் தூய எதனால் இருக்கிறது. ஆண் ஒருவர் நாளுக்கு 60 கிராமுக்கு மேல், பெண் 40 கிராமுக்கு மேல் நெடுநாள் குடித்திருந்தால், மதுவால் வந்த ஈரல் அழற்சி என்று சந்தேகிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோலும் ஏறத்தாழ இதுவே. 'நான் ஒரு குவார்ட்டரோட நிறுத்திக்குவேன் சார்' என்பவர் அந்தக் கோட்டின்மேல் நின்றுகொண்டுதான் அப்படிச் சொல்கிறார்.

எதனாலை ஈரல் முதலில் அசெட்டால்டிஹைடாக மாற்றும், பிறகு அசெட்டேட்டாக. நடுவில் வரும் அந்த அசெட்டால்டிஹைடு பொல்லாதது. கண்ட புரதத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். தொடர்ந்து குடிப்பவரின் ஈரல் வேலைப்பளு தாங்காமல் இன்னொரு நொதிக் கூட்டத்தையும் இறக்குகிறது. அது வேலையும் செய்யும், தீப்பொறியும் பறக்கவிடும். இந்த இரண்டாம் வழியை 1968இல் எடுத்துச் சொன்னவர் நியூயார்க் பிராங்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் லீபர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

லீபருக்கு முன்னால் மருத்துவ உலகம் குடியை இந்த அளவுக்குக் குற்றம் சாட்டவில்லை. இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், 1949இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஈரலைக் கெடுப்பது சாராயம் அல்ல, ஊட்டக்குறைவே என்ற முடிவுக்கு வந்தார். குடிகாரர் சாப்பிடுவதில்லை, அதனால் ஈரல் கெடுகிறது என்பது வாதம். நம் ஊரிலும் 'நல்லா கறி மீன் சாப்பிட்டுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது' என்று சொல்கிறவர்கள் பெஸ்ட்டைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள். லீபர் பபூன் குரங்குகளுக்குச் சத்தில் குறையே இல்லாத உணவைக் கொடுத்து, அதோடு சாராயத்தையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார். முதலில் கொழுப்பு ஏறியது, பிறகு அழற்சி வந்தது, சில குரங்குகளுக்கு ஈரல் நாராகி இறுகும் சிரோசிஸும் வந்தது. 1970களின் நடுவில் அந்த வழக்கு ஒருவாறு முடிந்தது.

ஆனால் அதோடு கதை ஈரலுக்குள்ளேயே நின்றுவிடவில்லை. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருவது. குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள். அவற்றில் ஒரு சாராரின் மேலுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்றொரு பொருள் உண்டு, எண்டோடாக்சின் என்பார்கள். பெயரைக் கவனியுங்கள். அதுவும் ஒரு கூட்டுச்சர்க்கரைதான், கொழுப்பில் ஊன்றிய கூட்டுச்சர்க்கரை. குடல் சுவரின் செல்களுக்கு இடையே உள்ள பூட்டுகளைச் சாராயமும் அசெட்டால்டிஹைடும் தளர்த்தும்போது இது கசிந்து இரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போகிறது. அங்கே காவல் நிற்கும் குப்ஃபர் செல்கள் டிஎல்ஆர்-4 என்ற வாங்கியின் வழியாக அதை உணர்ந்து, 'எதிரி வந்துவிட்டான்' என்று கூவி வீட்டையே கொளுத்துகின்றன. அருகில் இருக்கும் விண்மீன் வடிவச் செல்கள் வடு ஆற்றுகிறோம் என்று நாரை நெய்துகொண்டே போகின்றன. நாம் சிரோசிஸ் என்று சொல்வது அந்த நெசவைத்தான்.

இது ஊகம் அல்ல. 1995இல் வட கரோலினா சாப்பல் ஹில்லில் எலிகளுக்குச் சாராயத்தோடு பாலிமிக்சினும் நியோமைசினும் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தார்கள். அதே சாராயம், அதே எலி. ஈரல் சேதம் குறைந்தது. பிற்பாடு டிஎல்ஆர்-4 பழுதான சுண்டெலிகளுக்குச் சாராயம் கொடுத்தபோதும் சேதம் குறைவாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் தாவரக் கூட்டுச்சர்க்கரை மேடையேறுகிறது. பலர் தவறாக நினைப்பது இதுதான்: அது வாய்வழியே போய் ஈரலை அடைந்து அங்கே கவசம் போடுகிறது என்று. பெரும்பாலான கூட்டுச்சர்க்கரைகள் ஈரலை எட்டுவதே இல்லை. அவ்வளவு பெரிய மூலக்கூறு குடல் சுவரைக் கடக்காது. அது வேலை செய்வது குடலில். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் சோறு. சோறு கிடைத்தால் சுவர் உறுதியாகிறது. சுவர் உறுதியானால் கசிவு குறைகிறது. வயல் அழியும்போது பயிருக்கு மருந்தடிப்பது ஒரு வழி, வரப்பைக் கட்டுவது இன்னொரு வழி. கூட்டுச்சர்க்கரை வரப்புக்காரன். கெடுப்பது பாக்டீரியாவின் கூட்டுச்சர்க்கரை, தடுப்பது செடியின் கூட்டுச்சர்க்கரை. பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் துலக்கமாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 2001இல் சிகாகோவிலிருந்து வந்தது. எலிகளுக்குப் பத்து வாரம் சாராயம் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அதோடு ஓட்ஸும் கொடுத்தார்கள். ஓட்ஸ் தின்ற எலிகளில் குடல் கசிவும் இரத்தத்தில் எண்டோடாக்சினும் குறைந்தன, ஈரலும் அவ்வளவாகக் கெடவில்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது பிரெஞ்சு ஆய்வுக்குழு ஒன்றின் தொடர்ச்சியான இரண்டு ஆய்வுகள். குடியால் கடும் ஈரல் அழற்சி வந்த ஒரு நோயாளியின் குடல் பாக்டீரியாக்களைச் சுண்டெலிகளுக்குள் புகுத்தி, சாராயம் கொடுத்தார்கள். அவற்றின் ஈரல் வேகமாகக் கெட்டது. அதே அளவு குடித்தும் ஈரல் அழற்சி வராத ஒருவரின் பாக்டீரியாக்களைப் பெற்ற சுண்டெலிகள் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. இது 2016. 'எங்க பெரியப்பா எழுபது வயசு வரைக்கும் குடிச்சார், ஒண்ணும் ஆகல' என்ற கல்யாண வீட்டு வாதத்துக்கு ஒரு பகுதிப் பதில் அங்கே இருக்கிறது. மறு ஆண்டு அதே குழு, எளிதில் பாதிக்கப்படும் சுண்டெலிகளுக்குப் பெக்டின் கொடுத்தது. குடல் பாக்டீரியாக்களின் கூட்டு மாறியது, ஈரல் தப்பியது. பெக்டின்! கொய்யாக்காயில் இருப்பது.

இப்படிப்பட்ட சோதனைகள் நிறைய. சீனத்தில் கோஜி பெர்ரி, அஸ்ட்ராகலஸ், டென்ட்ரோபியம் ஆர்க்கிட் என்று ஒவ்வொன்றின் கூட்டுச்சர்க்கரையையும் எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பலன் நல்லதே. பெரும்பாலும் நல்லதாகவே வந்துகொண்டிருந்தால் என்னைப் போன்ற கிழவனுக்குச் சந்தேகம் வரும். 'பாலிசாக்கரைடு' என்று தாளில் எழுதியிருக்கும் அந்த வெள்ளைத் தூளில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று முதலில் கேட்பேன். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வெந்தயத்தை வைத்து, சாராயம் குடித்த எலிகளின் ஈரல் காக்கப்படுவதைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் எடுத்தது பாலிபீனால், வழவழப்பு அல்ல. நேர்மையாகப் பிரித்து, பிரித்ததைச் சொன்னார்கள். பிரிக்காமல் கஷாயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டுக் 'கூட்டுச்சர்க்கரையின் வெற்றி' என்று எழுதுவது எளிது. என் ஆய்வகத்திலேயே ஒரு மாணவரின் தூள் செல்களை அமர்க்களமாகத் தூண்டியது. இரண்டு மாதம் கொண்டாடினோம். பிறகு பார்த்தால் நாங்கள் கழுவப் பயன்படுத்திய தண்ணீரில் எண்டோடாக்சின். தூண்டியது செடி இல்லை, எங்கள் தொட்டி.

சீந்திலைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க முடியாது. தண்டின் மேல்தோலைச் சீவி, இடித்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடியில் படியும் மாவைத் திரும்பத் திரும்பக் கழுவிக் காயவைத்தால் சீந்தில் சர்க்கரை. சித்த வைத்தியர்கள் செய்த இந்த வேலை, என் மாணவர்கள் எதனால் ஊற்றிச் செய்ததற்குக் குறைந்த நுட்பம் அல்ல. அதில் பெரும்பகுதி மாவுப்பொருள். சீந்திலில் இன்னொரு கூட்டுச்சர்க்கரையும் உண்டு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் அதைப் பிரித்து ஜி1-4ஏ என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். எண்டோடாக்சின் எந்த வாங்கியைத் தட்டுகிறதோ அதே டிஎல்ஆர்-4ஐத்தான் இதுவும் தட்டுகிறது. முன்கூட்டியே கொடுத்தால், பிறகு எண்டோடாக்சினின் பேரடியைச் சுண்டெலி தாங்கிக்கொள்கிறது. மெல்லத் தட்டிப் பழக்கிவிடுகிறது எனலாம்.

இதைக் கேட்டதும் சீந்தில் கொடி தேடிப் போகாதீர்கள். கொரோனா காலத்தில் நாடே கிலாய் கஷாயம் குடித்தது. கிலாய் என்பது சீந்திலின் இந்திப் பெயர். அதைக் குடித்தபின் ஈரல் அழற்சியோடு வந்த ஆறு பேரைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. செடியைச் சரியாக அடையாளம் காணவில்லை, வேறு இனமாக இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. உடலே தன் ஈரலைத் தாக்கும் வகை அழற்சியைப் போலவே அது இருந்தது. அது கூட்டுச்சர்க்கரை செய்த வேலை என்று நான் சொல்லவில்லை. சீந்திலில் ஆல்கலாய்டுகளும் டெர்பீன்களும் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் பொருளை, ஏற்கெனவே எழுந்து நிற்கும் ஈரலுக்குள் அனுப்புமுன் யோசிக்க வேண்டும் என்கிறேன். கீழாநெல்லியை யாரும் நினைவூட்ட வேண்டாம். 1988இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு ஹெபடைடிஸ்-பி வைரஸ் பற்றியது, குடியைப் பற்றியது அல்ல. அதன் பலனும் பிற நாடுகளில் அதே அளவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

கரையும் நார்ச்சத்து எந்நேரமும் சாது என்றும் எண்ணவேண்டாம். 2018இல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில், டிஎல்ஆர்-5 என்ற இன்னொரு வாங்கி இல்லாத சுண்டெலிகளுக்கு இனுலின் கலந்த தீனி கொடுத்தபோது, அவற்றில் ஒரு பகுதிக்கு மஞ்சள் காமாலையும் அதன்பின் ஈரல் புற்றும் வந்தன. இனுலின் செடியிலிருந்து வரும் கூட்டுச்சர்க்கரை, சத்துத் தூள் டப்பாக்களில் பெருமையாக அச்சாகும் பெயர். காய்கறியில் கலந்து வருவதும் பிரித்தெடுத்துக் கரண்டியால் ஊட்டுவதும் ஒன்றல்ல.

பலன் காட்டிய அந்த எலி ஆய்வுகளில் ஒரு சின்ன விவரத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எலிக்குக் கூட்டுச்சர்க்கரையைப் பெரும்பாலும் சாராயத்துக்கு முன்னால் கொடுத்தார்கள், அல்லது கூடவே கொடுத்தார்கள். நம் மருத்துவமனை வாசலுக்கு வருகிறவர் பதினைந்து வருடம் குடித்து, கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, மகோதரம் என்று வருகிறார். வெள்ளம் வந்துபோன பிறகு வரப்புக் கட்டி என்ன?

இப்போது லீபர் திரும்ப வருகிறார். சோயாவிலிருந்து எடுத்த லெசித்தின் வகைப் பொருள் ஒன்றை அவர் பபூன்களுக்குச் சாராயத்தோடு ஆண்டுக்கணக்கில் கொடுத்தார். கூட்டுச்சர்க்கரை அல்ல, ஆனால் தாவரப் பொருள். சாராயம் மட்டும் குடித்த குரங்குகளின் ஈரல் நாரானது. லெசித்தினும் பெற்றவற்றின் ஈரல் தப்பியது. எலி அல்ல, குரங்கு. வாரம் அல்ல, ஆண்டுகள். இதைவிட நல்ல அடித்தளம் ஒரு மருந்துக்குக் கிடைப்பது அரிது. பிறகு மனிதரிடம் போனார்கள். அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 789 பேர், 20 மருத்துவமனைகள், இரண்டு ஆண்டுகள், தொடக்கத்திலும் முடிவிலும் ஈரலில் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்த்தார்கள். 2003இல் முடிவு வெளியானது. லெசித்தின் பெற்றவர்களுக்கும் வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கும் ஈரல் நாரில் வேறுபாடு இல்லை.

ஏன் என்பதில்தான் சுவை இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தபோது அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 16 கோப்பை குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய நான்கு குவார்ட்டர். ஆய்வின் விதிப்படி, மருத்துவர் துணையோடு செவிலியர்கள் ஒவ்வொருவரிடமும் அவ்வப்போது உட்கார்ந்து பேசினார்கள். திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. எவ்வளவு குடித்தீர்கள், இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, அடுத்த முறைக்குள் எவ்வளவு குறைக்கலாம் என்று பேசினார்கள். குடி 16 கோப்பையிலிருந்து இரண்டரைக் கோப்பையாக இறங்கியது, மருந்து பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும். எல்லாரும் குடியைக் குறைத்துவிட்டதால் நாரின் வளர்ச்சியும் மெதுவானது. மருந்து காக்கவேண்டிய சேதமே சுருங்கிவிட்டது. லெசித்தினைச் சோதிக்கப் போய், சோதிக்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். லீபர் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். ஆனால் அந்தச் செவிலியர்களின் பேச்சை எந்தக் கம்பெனியும் குப்பியில் அடைத்து விற்க முடியாது. அதனால் அதற்கு விளம்பரம் இல்லை.

விற்கக்கூடியது டானிக். மதுவால் வரும் ஈரல் நோய்க்கான அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டு நெறிகளில் தாவரக் கூட்டுச்சர்க்கரை எதுவும் சிகிச்சையாக இடம்பெறவில்லை. ஈரல் மருந்தாக நெடுங்காலம் பேர்பெற்ற சிலிமரின் என்ற தாவரச் சாறுகூட, நல்ல தரமான சோதனைகளில் இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று, சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பீடு சொல்லிவிட்டது. அப்படியிருக்க, 'லிவர் டானிக்' வாங்கும் வீடுகளில் நான் கண்ட பெருந்தீங்கு அதன் விலை அல்ல. 'மருந்துதான் சாப்பிடுறேனே' என்று சொல்லிக்கொண்டு குவார்ட்டரும் தொடர்கிறது. வரப்புக் கட்டிவிட்டோம் என்ற தெம்பில் மடையைத் திறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கம் பாருங்கள். கொழுப்பு ஏறிய நிலையில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அந்தக் கொழுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். சிரோசிஸ் வந்த பிறகு நிறுத்தினாலும் ஆயுள் கூடுகிறது. நாள்தோறும் நிறையக் குடித்துவந்தவர் மட்டும் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அழைப்பிதழின் பின்பக்கத்தில் அதை அச்சிடச் சொன்னேன், அச்சிட்டிருக்கிறார்கள், நன்றி.

கூட்டுச்சர்க்கரை ஆய்வு வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவர்கள் செய்யட்டும். ஆனால் தூளில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சங்கிலியில் எந்தச் சர்க்கரை, எந்தக் கோப்பு, எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள். எலிக்குச் சாராயம் கொடுத்துச் சேதம் வந்த பிறகு மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். பலன் இல்லை என்றால் அதையும் வெளியிடுங்கள்.

இந்த அறக்கட்டளையைத் தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து நிறுவிய ஆசிரியை அம்மாவிடம் ஒரு வார்த்தை. உங்கள் கணவர் எதனால் இறந்தார் என்பதை அழைப்பிதழில் மறைக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் துணிச்சலுக்குப் பெயர்தான் ஜிகர். இன்று எனக்கு நீங்கள் தரும் மதிப்பூதியத்தை அறக்கட்டளையிலேயே சேர்த்துவிடுங்கள். என்னைப் போன்ற பேராசிரியர்களை இந்த மேடையில் பேசக் கேட்டது போதும். குடிநோய்ப் பிரிவில் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பேசுகிற ஒரு செவிலியரை அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு அழையுங்கள். நான் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.